கட்டத்துக்குள் அடங்காத சொல்

ஆபத்து வந்து, ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் போனால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. அதை நிரப்புவதுதான் என் வேலை. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே சிரிப்பு வரும். அடிபட்டவரைப் பற்றி எழுதினால் ஒரு நியாயம் இருக்கிறது. அடிபடாதவரைப் பற்றி எழுதுவதற்கென்று ஓர் ஆள், அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஒரு ஃபேன். சாத்தூரிலிருந்த அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதுறதுக்கா ஒன்னைய வேலைக்கு வச்சிருக்காக?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

ப்ரெஸ் ஷாப்பின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறைதான் சேஃப்டி ஆபீஸ். வெளியே கார் பாகங்களை அமுக்கும் ப்ரெஸ்கள் வரிசையாக இடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இடிக்கும் என் மேசையில் தண்ணீர் டம்ளர் ஒரு முறை நடுங்கும். உள்ளே சேஃப்டி ஆபீசரும் நானும் மட்டும். அவர் ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களிடம் பேசும் தமிழிலும் பாதிக்குப் பாதி கன்னடம் கலந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் ஒரு நீளமான ஷீட். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. எந்த மெஷின், என்ன நடந்தது, ஆப்பரேட்டரின் நிலை என்ன, தேதி என்ன என்று பக்கத்துப் பக்கத்தில் கட்டங்கள். ஆப்பரேட்டர் நிலை என்ற கட்டத்தில் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வருடக்கணக்காக ஒரே சொல்லைப் போட்டு வைத்திருந்தார். சேஃப். கிரேன் சங்கிலி அறுந்து விழுந்ததா, சேஃப். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து காலி டிரம்மை உருட்டிவிட்டதா, அதற்கும் சேஃப். மேலிருந்து கீழே வரை பார்த்தால் ஒரே சொல் எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள் அல்லவா! அந்தத் திமிர் ஒன்றைத்தான் சாத்தூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மூக்கண்டப்பள்ளியில் மூன்று பெண்கள் பங்குபோட்ட ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு அலாரம். இத்தனைக்கும் நடுவில், இந்தக் கம்பெனியிலேயே இங்கிலீஷ் ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தான் என்ற நினைப்பு மட்டும் வாடாமல் இருந்தது. அன்ஹர்ட் என்று போட்டேன். அடுத்த வாரம் அன்ஹார்ம்டு. அதற்கடுத்து ஒரு நாள் அன்ஸ்கேத்டு. எல்லாவற்றுக்கும் அடிபடவில்லை என்பதுதான் அர்த்தம். ஆபீசர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "யாகம்மா, எதுக்கு இதெல்லாம்? சேஃப் போதும், சேஃப் போடு" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு என் இஷ்டப்படி செய்வேன்.

அந்தச் சொற்களை மதித்த ஒரே ஆள், ப்ரெஸ்ஸில் நின்ற ட்ரெய்னி ஆப்பரேட்டர் ஒருவர். ஷிஃப்ட் தொடங்கும்முன் ஆப்பரேட்டர்களை நிற்கவைத்து ஐந்து நிமிடம் பாதுகாப்பு பற்றிப் பேசுவார்கள். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி அந்த நோட்டை என் மேசைக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. நாகரசம்பட்டிக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் மாந்தோப்புகளுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஃபேக்டரிக்குள் வந்த முதல் ஆள் இவர். வீட்டில் தெலுங்கு, ஷாப்பில் கன்னடம், என்னிடம் தமிழ்.

முதல் நாளே படிவத்தின் தலைப்பில் விரலை வைத்தார். "மேடம், இந்த நியர் மிஸ்னா என்னாங்க? பக்கத்துல உக்காந்திருக்கிற மிஸ்ஸுங்களா?"

மயிரிழையில் தப்பிய சம்பவத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஆமா. ரொம்பப் பக்கத்துல வந்தா கடிச்சிருவா" என்றேன்.

"அப்ப தள்ளியே நிக்கறனுங்க" என்று இரண்டடி பின்னால் போய் நின்றார். அன்றிலிருந்து யாரும் இல்லாதபோது என்னை நியர் மிஸ் என்றுதான் கூப்பிடுவார். 

தினமும் நோட்டைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு என்ன வார்த்தைங்க?" என்று நிற்பார். அன்ஹார்ம்டு என்றேன் ஒரு நாள். யோசித்தார். "ஆர்ம்னா கைதானுங்களே?" என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வேறு ஹார்ம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் ஏறவில்லை. "வேணாங்க. ப்ரெஸ்ல நிக்கறவன்கிட்ட வந்து கை இல்லைன்னு சொல்றீங்களே, வாயக் கழுவுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போதே இரண்டு கைகளையும் தன்னையறியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் ஷீட்டில் போடவே இல்லை.

சேஃப் அண்ட் சவுண்ட் என்றதற்கு, "சேஃப் சரிங்க. சவுண்டு எதுக்கு? சவுண்டுதான் இங்க காது கிழியுதே" என்றார். அன்ஸ்கேத்டு அவர் வாயில் நுழையவே இல்லை. அன்ஸ்கேட்டு, அன்ஸ்கேட்டு என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "இது மெயின் கேட்டு வாட்ச்மேனுக்கு ஆவுங்க, நமக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

ஒரு நாள் டீ நேரத்தில் அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். "உங்க இங்கிலீஷ்ல இத்தினி வார்த்தை இருக்குதே, எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. தமிழ்ல தப்பு, தெலுங்குல தப்பு, கன்னடத்துலயும் தப்பு. தப்பு பண்ணவனுக்கும் அதே வார்த்தைதான், தப்பிச்சவனுக்கும் அதே வார்த்தைதான். மூணு பாஷைலயும் ஒண்ணா வச்சிருக்கறாங்களே, ஏனுங்க?" இத்தனை வருடம் தமிழ் பேசியும் அது என் காதில் விழுந்ததே இல்லை. ‘பெரிய பண்டிதர்’ என்று முணுமுணுத்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனேன். அன்றைக்கு அறைக்குத் திரும்பும்வரை அவர் குரல்தான் காதுக்குள் இருந்தது. அவரைப் பிடித்துவிட்டது என்பதை அன்றைக்கு எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

அந்த வருடம் மாம்பழக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூக்கண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே நிறைய மாம்பழம்.

"ஹெல்மெட்டை இதுக்குப் பயன்படுத்தக் கூடாது. ரிப்போர்ட் எழுதிருவேன்" என்றேன்.

"எழுதுங்க. பழம் சேஃப்னு போடுங்க" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல் பழங்களைப் பார்த்துக்கொண்டே, "ட்ரெய்னிங் முடிய இன்னும் நாலு மாசந்தான். பர்மனென்ட் ஆவட்டும், அடுத்த நாளே சாத்தூருக்கு பஸ் ஏறிடறன். உங்க அப்பாவப் பாக்கணும்" என்றார்.

"எங்க அப்பாவுக்கு மாம்பழம் பிடிக்காது" என்று உளறினேன். பொய்! அப்பா மாம்பழம் என்றால் உயிரை விடுவார்.

அப்பாவிடம் நானே சொன்னேன். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் நாற்பது வருடம் தினக்கூலிக்குக் குச்சி அடுக்கியவர் அவர். யார் எவர் என்று கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டார். "வேல நிரந்தரமா?" நாலு மாதத்தில் ஆகிவிடும் என்றேன். "அப்ப ஆகட்டும். ஆன அன்னைக்குச் சொல்லு. நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டு வாரேன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் போனில் முதல் கேள்வி அதுதான். ஆயிருச்சா? எங்கள் கல்யாணம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் மாட்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை ஷிஃப்டில் ப்ரெஸ்களின் சத்தம் திடீரென்று நின்றது. சத்தத்திலேயே இருக்கிறவர்களுக்கு அது நிற்பதைப் போல பயங்கரம் வேறில்லை. கண்ணாடிக்கு வெளியே புகை. அவர் நின்ற ப்ரெஸ்ஸில் எண்ணெய்க் குழாய் வெடித்து, பீச்சியடித்த எண்ணெய் பக்கத்து வெல்டிங் பொறியில் பட்டுப் பற்றிக்கொண்டது. நான் ஓடினேன். சேஃப்டி ஆபீசில் இருப்பவள் ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும் என்று நானே போஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.

போய்ச் சேர்வதற்குள் நெருப்பை அணைத்திருந்தார்கள். அவர் ஒரு மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை ஒன்று கருகியிருந்தது. உள்ளே கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்: எண்ணெய் முகத்துக்கு நேராக வந்தபோதும் மனிதர் முதலில் சிவப்பு பட்டனை அடித்து மெஷினை நிறுத்திவிட்டுத்தான் குதித்தாராம். ஓடியிருந்தால் ப்ரெஸ் இறங்கி, அந்தப் பக்கம் பாகம் வைத்துக்கொண்டிருந்தவரின் கை போயிருக்கும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். "ஒண்ணியும் ஆவலைங்க. போயி சேஃப்னு போடுங்க."

அவர் சொன்னபடி போட்டிருந்தால் போதும். இன்றைக்கு இதை எழுத எனக்கு அவசியமே இருந்திருக்காது.

ஆனால் அந்த ஷீட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தபோது சேஃப் என்று அடிக்க எனக்கு மனம் வரவில்லை. காலி டிரம்முக்குப் போட்ட அதே சொல்லையா இவருக்கும் போடுவது? என் உயிர் போய்த் திரும்பியிருக்கிறது. இந்த மொட்டைச் சொல்லில் அது எங்கே அடங்கும்? செய்தித்தாளில் எழுதுவார்களே, அதைப் போல நிறைவாக, கம்பீரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. ‘எஸ்கேப்டு அன்ஹர்ட்’ என்று அடித்தேன். காயமின்றித் தப்பினார். அடித்துவிட்டு அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துக் கட்டத்தில் தேதியைப் போட்டேன். அச்சுப் பிரதி எடுத்து, வேறு மாநிலத்திலிருந்த ஹெட் ஆபீசுக்கு அனுப்பினேன். காதலித்தவருக்கு நான் எழுதிய ஒரே கடிதம் அந்த இரண்டு சொற்கள்தான்.

இரண்டு வாரம் கழித்து ஹெட் ஆபீசிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆப்பரேட்டர் ஏன் எஸ்கேப் ஆனார்? மெஷினை விட்டு ஓடியதற்கு விளக்கம் கேட்கவும். விளக்கம் வரும்வரை அவருடைய பர்மனென்ட்டை நிறுத்தி வைக்கவும்.

எனக்குப் புரியவில்லை. அனுப்பிய பிரதியை எடுத்துப் பார்த்தேன். கட்டம் சின்னது. இரண்டு சொல்லும் அதில் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில் தேதி வந்து உட்கார்ந்ததும் அன்ஹர்ட் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. பிரதியில் இருந்தது ‘எஸ்கேப்டு’ மட்டும். அடித்த சொல் எங்கேயும் போகவில்லை, கம்ப்யூட்டரில் கட்டத்தின் மேல் கிளிக் செய்தால் ஷீட்டின் மேல்பட்டையில் முழுசாகத் தெரிந்தது. பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஷாப்பில் எஸ்கேப் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நழுவுகிறவனுக்கு அந்தப் பெயர். மத்தியானம் டீ குடிக்கப் போய் வராதவன் எஸ்கேப். ஓவர்டைம் என்றதும் காணாமல் போகிறவன் எஸ்கேப். சேதி பரவ அரை நாள்கூட ஆகவில்லை. சிவப்பு பட்டனை அடித்துவிட்டுக் குதித்த மனிதருக்கு எஸ்கேப்பு என்று பெயர் விழுந்தது. உண்மை தெரிந்தவர்களும் கூப்பிட்டார்கள். கூப்பிட நன்றாக இருந்ததல்லவா, அதனால்.

ஆபீசரிடம் ஓடினேன். "சார், என் தப்பு. இன்னொரு வார்த்தை உள்ள இருக்கு. திருத்தி அனுப்பிருவோம்."

அவர் கதவைச் சாத்தினார். "பேடம்மா, வேணாம். அடுத்த வாரம் ஆடிட் வருது. அனுப்பின ரெக்கார்டை இப்ப மாத்தினா, ரெக்கார்டையே திருத்தறாங்கன்னு என் தலை மேல வரும், உன் வேலையும் போகும். ஆடிட் முடியற வரைக்கும் சும்னே இரு. அப்புறம் பாக்கலாம்."

சும்மா இருந்தேன். அவர் சொன்னதால் மட்டுமில்லை. வேலை போனால் சாத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். இங்கிலீஷ் தெரிந்தவள் என்ற பெயர் போய்விடும் என்ற வெட்கம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று கேட்டால், கேவலம், வெட்கம்தான் பெரிது. தினமும் வார்த்தை கேட்டு நின்றவர் எதிரில் என் இங்கிலீஷ் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வழக்கம்போல் நோட்டோடு வந்தார். புது வார்த்தை கேட்கவில்லை. "மேடம், எஸ்கேப்டுங்கறது நல்ல வார்த்தைங்களா, கெட்ட வார்த்தைங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் வரும்" என்றேன். ஷீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு நாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து, "விளக்கம் கேட்டிருக்கறாங்க. இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்களேன். உங்களவிட யாருங்க நல்லா எழுதுவாங்க?" என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் ஓடவில்லை, மெஷினை நிறுத்தினேன், அறிக்கையில் உள்ள சொல் தவறானது என்று அவர் பெயரில் நானே எழுதினேன். என் சொல்லை நானே மறுத்து எழுதினேன், கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அப்படிப் பதினோரு நாள் போனது. ஆடிட் முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் கைகழுவும் இடத்துக்குப் போகத் திரும்பியபோது, சூப்பர்வைசர் ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்ன எஸ்கேப்பு, மறுபடியும் எஸ்கேப்பா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்து, கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி ப்ரெஸ்ஸின் மேல் வைத்துவிட்டு, மெயின் கேட் வழியாக நடந்து போய்விட்டார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் அறைப் பக்கம் அவர் திரும்பவில்லை.

அன்றைக்கே, ஆபீசரைக் கேட்காமல், ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். சொல் என்னுடையது, தப்பு என்னுடையது, முழுச் சொல் இது, அவர் ஓடவில்லை. என் வேலை போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ‘நோட்டட்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பதினோரு நாள் நான் பயந்து செத்தது இந்த ஒரு சொல்லுக்கு.

அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்காமல், "அத எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்ம கம்பெனில சேஃப்பத் தவுர இன்னொரு வார்த்தை தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தானுங்களே."

"அப்ப ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டனே. தெனமும் வந்து நின்னனே. நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையான்னு கேட்டன். கடுதாசி எழுதிக் குடுங்கன்னும் கேட்டன். அப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தன்." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். "வார்த்தை தப்பாப் போறது சகஜந்தானுங்க. அதுக்கில்ல."

கட்டத்தின் கதையைச் சொன்னேன். இன்னொரு சொல்லும் இருந்தது, அது பக்கத்துக் கட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது, அன்ஹர்ட் என்று எழுதியிருந்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"அன்ஹர்ட்னா என்னாங்க?"

"காயமே படலைன்னு அர்த்தம்."

"அப்ப அது மறைஞ்சதே சரிதானுங்க."

வைத்துவிட்டார். 

எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் அவர் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மூக்கண்டப்பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு முடிவதற்குள் கர்நாடகா வந்துவிடும். ஒரு முறை போனேன். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். ஷிஃப்ட் விட்டதும் ஒரே மாதிரி நீலச் சட்டைகள் கும்பலாக வெளியே வந்தன. எது அவர் என்று தெரியவில்லை. அந்தக் கும்பலில் இருந்த அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பாரோ என்று அப்போதுதான் தோன்றியது. டீ ஆறிவிட்டது, அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நாலு வருடம் ஓடிவிட்டது. ஆபீசர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த அறை இப்போது என் பொறுப்பில். ஷீட்டில் அந்தக் கட்டத்தில் இனி யாரும் சொந்தமாக எதையும் எழுத முடியாது. அம்புக்குறியை அழுத்தினால் சேஃப், இஞ்சூர்டு என்று இரண்டு சொல் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டு வாங்கி மாற்றியவள் நான். புதிதாக வந்த பெண் ஒருத்தி, "ரொம்ப டல்லா இருக்குதே மேடம்" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

அப்பா வாரா வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார். வேறு இடம் பார்க்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் போன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மாம்பழக் காலம் வந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம். பஸ் நிறுத்தத்தில் கூடைக்காரிகள் உட்கார்ந்திருப்பார்கள். நான் அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய் ஏறுவேன். அவர் வேண்டும் எனக்கு. இன்றைக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு யார் கதவைத் தள்ளினாலும் தலை தானாக நிமிர்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிமிர்கிறது.

சில நேரம் பழைய ஷீட்டைத் திறந்து அந்தக் கட்டத்தின் மேல் கிளிக் செய்வேன். மேல்பட்டையில் இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஷாப்பில் எல்லார் போனிலும் ஒரே வீடியோ. அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் தீ. கரும்புகை, ஓடுகிற நீலச் சட்டைகள். அவருடைய கம்பெனிதான். ‘யாருக்கும் ஆபத்தில்லையாம்’ என்று கீழே எழுதியிருந்தது. யார் எழுதியது? எந்த மேசையில் உட்கார்ந்து, எதைப் பார்த்து எழுதியது? இப்படிச் சொற்கள் எங்கே தயாராகின்றன என்று எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை.

நாலு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பரை எடுத்தேன். என்ன கேட்பது? எந்த உரிமையில் கேட்பது? அன்ஹர்ட், அன்ஹார்ம்டு, அன்ஸ்கேத்டு, நான் படித்த ஒரு சொல்லும் அந்த நேரத்துக்கு ஆகவில்லை. ‘இருக்கீங்களா?’ என்று அடித்து அனுப்பினேன்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். ஒரு ரிப்போர்ட்டை மூன்று முறை தப்பாக அடித்தேன். சேஃப் என்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நான் எந்தச் சொல்லை டிரம்முக்கும் கிரேனுக்கும் என்று ஒதுக்கித் தள்ளினேனோ அதையேதான். அந்த மொட்டைச் சொல் ஒன்று வந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் சாமி என்று.

மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது.

‘சேஃப்ங்க.’

மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். புதுப் பெண், "மேடம், என்னாச்சு?" என்று எழுந்து வந்தாள். ஒன்றுமில்லை, தண்ணீர் கொடு என்றேன். டம்ளரை வாங்கும்போது மறுபடி அதிர்ந்தது.

‘நீங்க?’

நீங்க. கடைசிவரை நாங்கள் அந்த நீங்க-வைத் தாண்டவே இல்லை. இத்தனைக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது. சேஃப் என்று திருப்பி அனுப்புவது சுலபம். அடித்தேன், பார்த்தேன், அழித்தேன். அவரிடம் ஒரு முறை பாதிச் சொல்லைக் காட்டியாகிவிட்டது. பதினோரு நாள் கேட்டு நின்றவருக்கு அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்காவது மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் தேடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த சொல் ஒன்று இருந்தது, மூன்று பாஷைக்கும் பொதுவானது.

‘நான் இன்னும் தப்பிக்கலைங்க’ என்று அடித்தேன். முழுதாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.